கர்ப்பப்பை வாயில் கட்டி, புண் என்றால் புற்றுநோயா?



தை மாதக் கூட்டத்தில் ஒரு குழுவில் கடன் விண்ணப்பம் வந்தது. தொகை 45 ஆயிரம். காரணம் என்ற இடத்தில் ஊக்குநர் 'கர்ப்பப்பை ஆபரேஷன்' என்று எழுதியிருந்தார். கேட்ட உறுப்பினருக்கு வயது 36. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு செய்து ஒன்பது வருஷம் ஆகிறது. சந்தா பாக்கி இல்லை, பழைய கடனையும் ஒழுங்காகக் கட்டியவர். அதனால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. தீர்மான நோட்டில் எழுதப் போகும் நேரத்தில்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டோம்.

"நாலஞ்சு மாசமா வெள்ளைப்படுது மேடம். டவுன்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தாங்க. கர்ப்பப்பை வாயில கட்டி இருக்கு, புண்ணும் இருக்கு, விட்டா கேன்சராயிடும், ரெண்டு புள்ள பெத்தாச்சுல்ல, எடுத்துப் போட்ருங்கன்னாங்க."

கேன்சர் என்ற வார்த்தை விழுந்ததும் கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர், "எடுத்துடு தாயி, எதுக்கு வம்பு, நானும் எடுத்தவதான்" என்றார். இன்னும் இரண்டு பேர் "நாங்களும்தான்" என்றார்கள். இருபது பேர் உள்ள குழுவில் மூன்று பேருக்கு ஏற்கனவே கர்ப்பப்பை இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தோம். 'நபோத்தியன் சிஸ்ட், 6 மி.மீ.' என்று இருந்தது. எங்கள் படிப்பு சமூகப்பணி, மருத்துவம் அல்ல. எங்களுக்கும் அந்த வார்த்தை புதிது. "ஒரு வாரம் பொறுங்கம்மா, அரசு ஆஸ்பத்திரி பெண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்து முடிவு செய்யலாம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அந்த ஒரு வாரத்தில் டாக்டரிடமும் செவிலியர்களிடமும் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். கூச்சப்படாமல் படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கர்ப்பப்பை வாய் என்பது எது?

கர்ப்பப்பையைக் கவிழ்த்து வைத்த சுரைக்காய்க் குடுக்கை என்று வைத்துக்கொண்டால், கீழே குறுகலாக இருக்கும் கழுத்துதான் கர்ப்பப்பை வாய். அது பிறப்புறுப்புக்குள் வந்து முடிகிறது. தொட்டால் மூக்கு நுனி மாதிரி கெட்டியாக இருக்கும். நடுவில் ஒரு சிறு துவாரம். மாதவிலக்கு அந்த வழியாகத்தான் வருகிறது. பிரசவத்தில் அது விரிந்து வழி விடுகிறது.

இந்த வாய்க்கு இரண்டு விதமான தோல் உண்டு. வெளிப்பக்கம் கெட்டித் தோல். உள்பக்கம் மெல்லிசான, சிவந்த, ஈரமான தோல். உள்பக்கத் தோலில் சளி சுரக்கும் சுரப்பிகள் நிறைய உண்டு. அந்தச் சளி வேண்டாத கழிவு இல்லை. கிருமி மேலே ஏறாமல் தடுப்பதும், கரு தங்கும் நாட்களில் வழி விடுவதும் அதுதான். மாதத்தில் சில நாட்கள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாகப் படுகிறதே, அது நோய் இல்லை. 'உடம்பு உருகிப் போகுது' என்று அதற்கு மருந்து தேடி அலைய வேண்டியதும் இல்லை.

இரண்டு தோலும் சந்திக்கும் ஓரத்தில்தான் நம் கதை முழுவதும் நடக்கிறது.

தையல் தெரிந்த உறுப்பினர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜாக்கெட்டின் லைனிங் துணி ஓரத்தில் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு தெரியும் அல்லவா? அது மாதிரி உள்பக்கத்துச் சிவப்புத் தோல் வெளியே வந்து தெரிவது உண்டு. இளம் வயதிலும், கர்ப்பமாக இருக்கும்போதும், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இது சகஜம். டாக்டர் கருவி வைத்துப் பார்க்கும்போது துவாரத்தைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று இருக்கும். இதைத்தான் 'ஈரோஷன்' என்று சீட்டில் எழுதுகிறார்கள். நம் ஊரில் அது 'புண்' ஆகிவிட்டது. உங்கள் கீழ் உதட்டை விரலால் மடித்துக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே சிவப்பாக, ஈரமாக இருக்கிறது. அது புண்ணா? இதுவும் அப்படித்தான். மெல்லிய தோல் என்பதால் சளி கொஞ்சம் கூடுதலாகப் படலாம், கணவருடன் சேர்ந்த பிறகு லேசாக ரத்தம் கசியலாம். கசிந்தால் போய்க் காட்டத்தான் வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

நபோத்தியன் சிஸ்ட் என்பது அடைபட்ட சுரப்பி

வெளியே வந்த மெல்லிய தோல் அப்படியே இருந்துவிடுவதில்லை. பிறப்புறுப்புக்குள் இருக்கும் புளிப்புத் தன்மை பட்டுப் பட்டு, மெல்ல மெல்லக் கெட்டித் தோலாக மாறுகிறது. மண்வெட்டி பிடித்த உள்ளங்கை காய்ப்பு ஏறுகிற மாதிரிதான். மாறும்போது சில சுரப்பிகளின் வாய் மேல்தோலால் மூடிப் போகிறது. உள்ளே சளி சுரந்துகொண்டே இருக்கும், வெளியே வர வழி இருக்காது. அது ஜவ்வரிசி மாதிரி, சில சமயம் பட்டாணி மாதிரி, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புடைத்து நிற்கும். முகத்தில் துவாரம் அடைத்துக் குரு வருகிறதே, அதற்கு அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்ற பெண்களிடம் இது மிகவும் சாதாரணம். வலி இருக்காது. மருந்து வேண்டாம், அறுக்க வேண்டாம். இது புற்றுநோயாக மாறுவதில்லை. 'கட்டி' என்று அந்த ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான். ஆறு மில்லி மீட்டர் சளிக் கொப்புளத்துக்கு நாம் 45 ஆயிரம் கடன் கொடுக்க இருந்தோம்!

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். ஜெர்மனி நாட்டில் மார்ட்டின் நபோத் என்று ஒரு மருத்துவர் இருந்தாராம். 1707-இல் இந்தக் கொப்புளங்களைப் பற்றி எழுதினார். இவைதான் பெண்ணின் கருமுட்டைகள் என்று அவர் நினைத்துவிட்டார். அவர் நினைத்தது தப்பாகப் போனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இதைப் பார்த்து ஏமாறுவது அன்றைக்கே தொடங்கியிருக்கிறது.

மூன்றாவது ஒன்று, பாலிப். வாயின் துவாரத்திலிருந்து சிறு விரல் நுனி மாதிரி, சிவப்பாகத் தொங்கும் சதை. மாதவிலக்குக்கு நடுவிலும், கணவருடன் சேர்ந்த பிறகும் இதனால் ரத்தம் படலாம். இதுவும் பெரும்பாலும் சாதுவானதுதான். நூறில் ஒன்றுக்கும் குறைவாகவே இதில் புற்றுநோய் அணுக்கள் இருக்கும். அதனால் டாக்டர் அதைப் பிடித்துத் திருகி எடுத்து, சதைப் பரிசோதனைக்கு அனுப்புவார். பெரும்பாலும் மயக்க மருந்து கூடத் தேவைப்படாது. எடுத்த சதையைக் குப்பையில் போட விடாதீர்கள், 'டெஸ்டுக்கு அனுப்புங்க டாக்டர்' என்று கேளுங்கள்.

அப்படியானால் புற்றுநோய் எப்படி வருகிறது?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமியால் வருகிறது. இதைக் கண்டு சொன்ன ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடலுறவு மூலம் பரவும் கிருமி இது. உடனே 'நடத்தை சரியில்லாதவங்களுக்கு வரும் நோய்' என்று யாரும் பேச வேண்டாம். கணவர் ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். ஆயுளில் பெரும்பாலோர் ஒரு தடவையாவது இந்தக் கிருமியைச் சந்திக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. சிலருக்கு மட்டும் தங்கிப் போகிறது. தங்கிய கிருமி தோல் அணுக்களைக் கெடுத்து, அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பத்து, பதினைந்து, இருபது வருஷம்கூட ஆகலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சீக்கிரம் ஆகும்.

இந்தக் கிருமி உள்ளே புக விரும்பும் இடம் எது தெரியுமா? மெல்லிய தோல் கெட்டித் தோலாக மாறிக்கொண்டிருக்கும் அதே ஓரம். சிவப்பும் கொப்புளமும் தெரியும் இடமும் அதுதான், நோய் தொடங்கும் இடமும் அதுதான். ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள், உறவு கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, பார்க்க வேண்டியவரைப் பார்க்காமல் வந்துவிடும் ஆபத்து உண்டு. 'புண்ணுதான், ஒண்ணுமில்ல' என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டால், அதே இடத்தில் மறைந்திருக்கும் கெட்டது வளர்ந்துகொண்டே இருக்கும்.

இப்படி நடந்த ஒருவரை எங்களுக்குத் தெரியும். வேறு ஒரு குழுவின் மூத்த உறுப்பினர், 54 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருஷம். தண்ணி தண்ணியாகப் பட்டது, சில நாள் ரோஜா நிறத்தில் கறை. 'புண்ணு இருக்கு' என்று ஓரிடத்தில் மருந்து கொடுத்தார்கள். முகாமில் ஒரு தடவை பரிசோதனை செய்து 'நெகட்டிவ்' என்று அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். கறை படுகிறதே என்று கேட்டால், "எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு அட்டை இருக்கே" என்பார். எங்களுக்கும் அப்போது அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அதை இன்றைக்கும் நினைத்து வருத்தப்படுகிறோம். ஒன்றரை வருஷம் கழித்து ரத்தம் அதிகமாகி அரசு மருத்துவமனைக்குப் போனபோது, வாயின் உள்பக்கத்திலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய். ஐந்து வாரத்துக்கு மேல் கதிர்வீச்சு, ஊசி மருந்து எல்லாம் ஆகி, இப்போது கூட்டத்துக்கு வருகிறார். இதை எழுதச் சொன்னவரே அவர்தான்.

முகாம் பரிசோதனை ஏன் தவறவிட்டது? அது தப்பான பரிசோதனை இல்லை. அதன் கைக்கு எட்டும் தூரம் அவ்வளவுதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பெரும்பகுதி வெளிப்பக்கக் கெட்டித் தோலில் வருவது. நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்து வரை உள்பக்கச் சுரப்பித் தோலில் வருவது. உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். மாதவிலக்கு நின்ற பிறகு இரண்டு தோலும் சந்திக்கும் ஓரமே உள்ளே போய்விடும். அதனால் வயதானவர்களுக்கு இன்னும் கஷ்டம். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. பரிசோதனை இந்த இடத்தில் கூடுதல் உதவி.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. சாதுவான சுரப்பி மாற்றங்களில் மிக அபூர்வமான ஒரு வகை உண்டு. சுரப்பிகள் கொத்துக் கொத்தாகப் பெருகி, இரைப்பையில் இருக்கும் சுரப்பி போலச் சளி சுரக்கும். தண்ணியாக நிறையப் படும். இதிலிருந்து சிலருக்குப் புற்றுநோய் வருவதைக் கண்டிருக்கிறார்கள், அந்தப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. கிருமியும் காரணமில்லை. அதனால் ஸ்கேனில் ஒன்றிரண்டு கொப்புளம் என்றால் பயமில்லை. உள்பக்கம் மேலே ஏறிக் கொத்தாக நிறைய இருந்து, கூடவே தண்ணியாகவும் விடாமல் பட்டால், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் வரும் வார்த்தைகள்

நம் உறுப்பினர்கள் கொண்டுவரும் ரிப்போர்ட்டுகளில் ஒரே மாதிரி முடியும் வார்த்தைகள் வந்து பயமுறுத்துகின்றன. 'மெட்டாபிளேசியா' என்றால் மேலே சொன்ன காய்ப்பு ஏறுகிற மாற்றம், நல்லதுதான். 'ஹைப்பர்பிளேசியா' என்றால் அணுக்கள் எண்ணிக்கையில் கூடியிருப்பது. 'மைக்ரோகிளாண்டுலர் ஹைப்பர்பிளேசியா' என்று வரும் ஒன்று, கர்ப்பத்திலும் மாத்திரை சாப்பிடும்போதும் வரும் சாதுவான மாற்றம். மைக்ராஸ்கோப்பில் சில சமயம் புற்றுநோய் மாதிரியே வேஷம் போடுமாம். அனுபவமுள்ள டாக்டர் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவார். 'க்ரானிக் செர்விசைட்டிஸ்' என்றால் ரொம்ப நாள் அழற்சி. பிள்ளை பெற்ற பெண்கள் பலர் ரிப்போர்ட்டில் இது இருக்கும். 'நபோத்தியன் சிஸ்ட்' பற்றி இனிமேல் நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

'டிஸ்பிளேசியா', 'சி.ஐ.என்.', 'ஏ.ஐ.எஸ்.' என்ற எழுத்துகள் இருந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டும். இவையும் பரவிய புற்றுநோய் இல்லை, முந்தைய நிலை. இந்த நிலையில் பிடித்தால் சின்ன சிகிச்சையில் முடியும். 'ஏ.ஐ.எஸ்.' என்பது சுரப்பித் தோலில் வரும் முந்தைய நிலை, அதை விடவே கூடாது. 'கார்சினோமா' என்று இருந்தால் அதுதான் புற்றுநோய். அன்றே கிளம்ப வேண்டும்.

ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் புற்றுநோயின் முந்தைய நிலை தெரியாது. கொப்புளம் தெரியும். அதாவது பயப்பட வேண்டாததை அது காட்டும், பார்க்க வேண்டியதைக் காட்டாது!

வினிகர் பரிசோதனை

நம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது இதைத்தான். கருவி வைத்து, வினிகர் போன்ற அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வாயில் தடவி, ஒரு நிமிஷம் காத்திருந்து பார்ப்பார்கள். கெட்ட அணுக்கள் இருக்கும் இடம் திட்டாக வெள்ளைப் பூக்கும். கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், வலி இருக்காது. காசு இல்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நபோத்தியன் சிஸ்டும் பொத்தான் மாதிரி வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர் அதைத் தனியாக அடையாளம் கண்டுகொள்வார், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்.

இந்தப் பரிசோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியதில் நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களுக்குப் பங்கு உண்டு. இது நம்மில் பலருக்குத் தெரியாது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, அம்பிளிக்கை சமுதாய மருத்துவமனையும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்ஸ் நாட்டில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து கிராமம் கிராமமாகச் செய்தார்கள். 30 முதல் 59 வயது வரை உள்ள 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். பரிசோதனை நடந்த பகுதியில் இந்த நோய் வருவது நூற்றுக்கு 25-ம், சாவு நூற்றுக்கு 35-ம் குறைந்திருந்தது என்று 2007-இல் வெளியிட்டார்கள். அதே 2007-இல் தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டு போனது.

அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பரிசோதித்த பத்துப் பேரில் ஒருவருக்கு 'பாசிட்டிவ்' வந்தது. அவ்வளவு பேருக்கும் புற்றுநோயா? இல்லவே இல்லை. மிகச் சிலருக்குத்தான். 'பாசிட்டிவ்' என்றால் 'அடுத்த படி ஏறிப் பாருங்கள்' என்று அர்த்தம். அடுத்த படி, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பது. தேவைப்பட்டால் அரிசி அளவு சதை எடுத்து அனுப்புவது. முந்தைய நிலை என்றால் குளிர வைத்தோ சூடு வைத்தோ கெட்ட தோலை அழிப்பார்கள், அல்லது அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். கர்ப்பப்பை அதன் இடத்திலேயே இருக்கும்.

"எடுத்துட்டா தொல்லை விட்டது" என்ற பேச்சு

கூட்டத்தில் அந்த அக்கா சொன்னதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. வயல் வேலை, மாதாமாதம் துணி மாற்ற இடமில்லாத அவஸ்தை, வலி எல்லாம் சேர்ந்து, 'இது இருந்து என்ன ஆகப் போகுது' என்று தோன்றுவது இயல்பு. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்திருந்தது 2019-இல் வெளியே வந்தது. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி பிடிப்பார்களே என்ற பயமும், கேன்சர் வரும் என்று மருத்துவமனைகள் காட்டிய பயமும் அதற்குப் பின்னால் இருந்தன. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், 36 வயதிலேயே மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும். உடம்பு காந்தல், தூக்கமின்மை, எலும்பு தேய்வது, இதய நோய் எல்லாம் முன்கூட்டியே வரக்கூடும். எடுத்தவர்கள் மூன்று பேரிடமும் பிறகு பேசினோம். சினைப்பையை எடுத்தார்களா இல்லையா என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டும் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை டாக்டர் சொன்னார். சதைப் பரிசோதனை செய்யாமல் அவசரமாகக் கர்ப்பப்பையை எடுத்து, அதற்குப் பிறகு உள்ளே புற்றுநோய் இருந்தது தெரிய வந்தால், சிகிச்சை சிக்கலாகிவிடும். புற்றுநோய்க்குச் செய்யும் ஆபரேஷன் வேறு மாதிரியானது, சுற்றியுள்ள திசுக்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். பாதி வேலை செய்துவிட்டுப் பிறகு திரும்பிப் போக முடியாது. ஆக, புற்றுநோய் இல்லாதவருக்கும் அவசர ஆபரேஷன் கெடுதல், இருப்பவருக்கும் கெடுதல். கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. பெரிய நார்க்கட்டி, நிற்காத ரத்தப்போக்கு, அடியிறங்குதல் போன்றவை. அதை யாரும் மறுக்கவில்லை. பரிசோதனை ரிப்போர்ட் கையில் வந்த பிறகு எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும்.

எப்போது போக வேண்டும்?

30 வயது தாண்டிய எல்லோரும், தொந்தரவு இல்லாவிட்டாலும், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து எந்த நாளும் போகலாம். குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களும், கணவரை இழந்தவர்களும் போக வேண்டும். 'அவரே இல்லை, எனக்கு என்னத்துக்கு' என்று சொல்கிறீர்கள். பத்து வருஷத்துக்கு முன் வந்த கிருமி இன்றைக்கும் வேலை செய்யும் என்பதை மறந்துவிடுகிறீர்கள்.

தொந்தரவு இருந்தால் ஐந்து வருஷக் கணக்குப் பார்க்காதீர்கள். கணவருடன் சேர்ந்த பிறகு ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவே ரத்தம், மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டுக் கறை, நாற்றத்தோடு அல்லது தண்ணியாக விடாமல் படுவது. இதில் எது இருந்தாலும், கையில் 'நெகட்டிவ்' அட்டை இருந்தாலும், போங்கள். போய், "வினிகர் பரிசோதனை செஞ்சாச்சு, இன்னும் நிக்கல, உள்பக்கமும் பாருங்க டாக்டர்" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்ததாகவும், 79 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கிருமிக்கு எதிரான தடுப்பூசி உண்டு. நம் நாட்டிலேயே தயாராகும் 'செர்வாவேக்' 2023-இல் வெளிவந்தது. சுரப்பித் தோலில் வரும் புற்றுநோயில் பெரும்பகுதிக்குக் காரணமான 16, 18 ஆகிய இரண்டு வகைக் கிருமிகளையும் அது தடுக்கும். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் ஊரில் எப்போது, எங்கே என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். தடுப்பூசி போட்டாலும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனை உண்டு.

36 வயது உறுப்பினருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வினிகர் பரிசோதனை நெகட்டிவ். டாக்டர் உள்பக்கத்திலிருந்தும் எடுத்துப் பார்த்தார், கெட்ட அணு இல்லை. வெள்ளைப்படுதலுக்குக் காரணம் சாதாரணக் கிருமித் தொற்று. மாத்திரை கொடுத்தார்கள், அவருக்கும் அவர் கணவருக்கும் சேர்த்து. "எனக்கு எதுக்கு மாத்திரை?" என்று கணவர் முறுக்கிக்கொண்டாராம். "45 ஆயிரம் கடன் கட்டறீங்களா, மாத்திரை போடறீங்களா?" என்று இவர் கேட்டதும் பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். கொப்புளம் அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் குழு மாசி மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கடன் கேட்டு வருபவருக்கு, முதலில் பரிசோதனைக்குப் போய்வர 500 ரூபாய் வட்டியில்லாமல் கொடுப்பது, கூட ஓர் உறுப்பினர் துணைக்குப் போவது. ரிப்போர்ட்டைக் கூட்டத்தில் காட்டச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். அது அவரவர் உடம்பு சமாச்சாரம், டாக்டர் என்ன சொன்னார் என்று அவரே முடிவு செய்து சொன்னால் போதும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மாதமே பதினோரு பேர் ஒரே வேன் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வந்தார்கள். கர்ப்பப்பையை எடுத்திருந்த அந்த அக்காவும், கழுத்துப் பகுதி உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதே வேனில் ஏறிக்கொண்டார்.